வரிசையில் பத்தாவது ஆள்

கோர்ட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், அனுபவத்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தீர்கள். பேசினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. அதனால் எழுதித் தருகிறேன். வழக்குக் கட்டு எப்படிக் கட்டுவது, சம்மன் எப்படி அனுப்புவது என்பதெல்லாம் இதில் இல்லை. அது ஆறு மாதத்தில் தானாக வரும். வராவிட்டால் ஹெட்கிளார்க் வரவழைப்பார். ஆளை அடையாளம் காண்பது பற்றி மட்டும் சொல்கிறேன். என் சர்வீஸில் நான் வாங்கிய ஒரே மெமோ அதற்காகத்தான்.

குற்றவாளிப் பதிவேட்டில் ‘அங்க அடையாளம்’ என்று ஒரு கட்டம் உண்டு. எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் எல்லோருக்கும் ‘வலது முழங்காலில் பழைய தழும்பு’ என்று எழுதி வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் சின்ன வயதில் தென்னையிலோ பனையிலோ ஏறிச் சறுக்காதவன் கிடையாது, எனவே அது யாருக்கும் பொய்யாகவில்லை. ஒருமுறை ஒருவனைப் பிடிக்க வாரண்டு போனது. அதைக் கொண்டுபோன போலீஸ்காரர் அடையாளத்தைப் படித்துவிட்டு, தன் முழங்காலைக் குனிந்து பார்த்துவிட்டு, இவன் நான்தானா என்று என்னிடமே வந்து கேட்டார்.

கைரேகை அப்படி ஏமாற்றாது என்று நினைப்பீர்கள். குளத்தூர்க் கடற்கரையில் கரைமடி வலை இழுக்கிறவர்களின் பெருவிரலை வாங்கிப் பார்த்திருக்கிறேன். கயிறு எல்லா ரேகையையும் தின்றிருக்கும், காகிதத்தில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் விழும். ரேகை பொய் சொல்வதில்லை, சரிதான். சில விரல்களில் அது பேசுவதும் இல்லை. இப்போது ஒரு சொட்டு ரத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுகிறார்கள் என்று பத்திரிகையில் படித்தேன். நல்லது. என் காலத்தில் எங்களிடம் இருந்தது கண் மட்டுமே. நான் சொல்லப்போகும் கதையில் அதுவும் ஒன்றுதான் இருந்தது.

மலையாளப் பக்கத்தில் இருந்த தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நடந்த போராட்டம் சூடேறியிருந்த வருடங்கள் அவை. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, வீட்டில் தமிழும் சந்தையில் மலையாளமும் பேசிக்கொண்டு நிம்மதியாக இருந்தவர்களெல்லாம், தாங்கள் யார் என்று திடீரென ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. என்னையும் கேட்டார்கள். கிளார்க் என்று சொன்னேன்.

ஒரு கடையடைப்பு நாளில், பாறசாலைக்குத் தெற்கே ஒரு வளைவில் பஸ்ஸை மறித்தார்கள். விசிலடிப்பதற்காகக் கண்டக்டர் தலையை வெளியே நீட்டிய நேரத்தில் ஒரு கல் வந்தது. அவருடைய வலது கண் போய்விட்டது. அவர் காட்டாக்கடைக்காரர், வீட்டில் மலையாளம் பேசுகிறவர். எங்கள் வழியில் பல வருடம் டிக்கெட் கொடுத்ததால் தமிழும் சரளமாக வரும். கல்லெறிந்தவனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்ததாகச் சொன்னார். மெலிந்தவன், கறுப்பு, சுருட்டை முடி, மேல் பல்வரிசையில் ஒரு இடைவெளி. அந்த வர்ணனைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்தே பொருந்தும். போலீஸ் பொருந்தியவர்களில் ஒருவனைப் பிடித்தது. செல்லையன் என்று பெயர், செங்கல் சூளையில் வேலை செய்கிறவன். பிடித்த நாள் முதல் அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் பேசாதது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

கண்டக்டர் அவனை அடையாளம் காட்ட வேண்டும். எங்கள் கோர்ட்டை ஒட்டிய சப்ஜெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரேடு வைப்பதாக முடிவாயிற்று. பரேடு என்றால் பிடிபட்டவனை அவனைப் போலவே இருக்கும் வேறு ஆட்களோடு கலந்து நிறுத்துவது. சாட்சி வந்து அவர்களில் ஒருவனின் தோளைத் தொடுவார். செல்லையனைத் தொட்டால் அவனுக்குச் சிறை. கலப்பு ஆட்களில் ஒருவனைத் தொட்டால் சாட்சி தப்பு, செல்லையன் வீட்டுக்குப் போகலாம். நோட்டீஸ் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது கண்டக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்தக் கண்ணு கடைசியாட்டு பார்த்தது அவன் மொகத்தையாக்கும். அது எனக்கு தெற்றாது சாரே, தப்பாது. தெற்றினா எனக்கு இந்தக் கண்ணு போனதுக்கே ஒரு அர்த்தமும் இல்ல.”

கலப்பு ஆட்களைத் தேடும் பொறுப்பு என்னுடையது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது, என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். சாட்சிக்கு முன்பின் தெரியாதவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். ஆனால் பஸ் கண்டக்டருக்குத் தாலுகாவில் தெரியாத முகம் ஏது? பஸ்ஸில் ஏறாத ஆட்கள் யார் என்று யோசித்தேன். கடற்கரைக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். காலைப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வெளியே வந்தவர்களில் கறுத்து மெலிந்து சுருட்டை முடியோடு இருந்த ஒன்பது பேரைப் பொறுக்கி, ஒரு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். எங்களைப் பிடித்து உள்ளே போட்டுவிட மாட்டீர்களே என்று ஒருவன் கேட்டான். வருகிற யாருக்கும் ஒன்றும் ஆகாது, அதற்கு நான் பொறுப்பு என்று கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

சப்ஜெயில் முற்றத்தில் சட்டைகளைக் கழற்றச் சொன்னேன். ஒன்பது கழுத்திலும் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு கிடந்தது. அதைக் கழற்ற மாட்டோம் என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை. செல்லையனுக்கும் சேர்த்து எல்லோர் கழுத்திலும் துவர்த்து என்கிற குளியல் துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டேன். செல்லையனின் புருவத்துக்கு மேலே ஒரு புதுக் காயம் இருந்தது. லாக்கப்பில் வழுக்கி விழுந்தான் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் காலத்தில் அந்த லாக்கப்பில் நிறையப் பேர் வழுக்கி விழுந்தார்கள். அந்தக் காயத்தின்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, மற்ற ஒன்பது பேருக்கும் அதே இடத்தில் அதே அளவில் ஒட்டினேன். கோர்ட்டுப் பசைதான். பத்துப் பேரும் கல்யாணத்துக்குத் தயாரானவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் ஏற்பாட்டில் எனக்கே ஒரு பெருமை வந்தது.

மாஜிஸ்திரேட் வந்தார். வடக்கேயிருந்து வந்தவர். அவர் சிரித்தும் யாரும் பார்த்ததில்லை, கோபப்பட்டும் பார்த்ததில்லை. என்னிடம் மலையாளத்தில்தான் பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன். வாசலில் நின்றபடியே வரிசையைப் பார்த்தார். செல்லையனை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

“இடமிருந்து நாலாவது ஆள்தானே?” என்றார்.

நாலாவது ஆள்தான். அவராகவே பாதங்களைக் காட்டினார். ஒன்பது பேர் அலைமேல் நிற்பதுபோல் காலை அகட்டி, விரல்களை விரித்து ஊன்றி நின்றார்கள். கட்டுமரத்தில் நின்று பழகிய கால்கள். செல்லையன் ஒருவன் மட்டும் கால்களைச் சேர்த்து நின்றான். நான் முகங்களை ஒத்துப் பார்த்ததோடு சரி, முழங்காலுக்குக் கீழே பார்க்கவே இல்லை. எல்லோரையும் சம்மணமிட்டு உட்காரச் சொன்னார் மாஜிஸ்திரேட். பிறகு, ஒருவனைக் காட்டி, இவனுடைய தோளில் இரண்டு செல்லையனை வைக்கலாம், இவனை அனுப்பிவிட்டு நிலத்தில் வேலை செய்கிற ஒருவனைக் கொண்டுவா என்றார். கண்டக்டர் ஏற்கெனவே வந்து ஜெயிலர் அறையில் காத்திருந்தார்.

நான் வாசலுக்கு ஓடினேன். அங்கே தூக்குப்பாத்திரத்தோடு ஒருவன் நின்றிருந்தான். மெலிந்தவன், கறுப்பு, சுருட்டை முடி. தெய்வம் கொண்டுவந்து நிறுத்தியது என்றே நினைத்தேன். பஸ்ஸில் போவாயா என்று கேட்டேன். இல்லை என்றான். கண்டக்டர் யாரையாவது தெரியுமா என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினான். நான் கேட்க வேண்டியிருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஜெயில் வாசலில் சாப்பாட்டோடு எதற்கு நிற்கிறாய்? அதை நான் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் உள்ளே வந்து உட்கார், வேறொன்றும் வேண்டாம் என்றேன்.

“இந்தக் கஞ்சியை எங்க வைக்க?” என்று மட்டும் கேட்டான்.

வார்டரிடம் கொடுக்கச் சொல்லி, அவனுக்கும் துவர்த்தும் காகிதமும் வைத்து, செல்லையனிலிருந்து மூன்று பேர் தள்ளி உட்காரவைத்தேன். கலப்பு ஆட்களின் பெயரும் தகப்பன் பெயரும் பரேடுக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. ஒன்பதாவது பெயர் காலியாக இருந்தது. நேரமாகிவிட்டது, முடிந்தபின் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

கண்டக்டரை அழைத்து வந்தார்கள். போலீஸ்காரர்கள் விதிப்படி வெளியே நின்றார்கள். அதுவரை மூன்று வாரம் தலை குனிந்தே இருந்த செல்லையன், அப்போது தலையை நன்றாக நிமிர்த்தி, முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டி உட்கார்ந்தான். திமிர் பிடித்தவன் என்று நான் நினைத்தேன்.

கண்டக்டர் ஒற்றைக் கண்ணோடு வரிசையின் ஒரு முனையிலிருந்து மெதுவாக நடந்தார். செல்லையன் முன்னால் நின்றார். கை பாதி உயர்ந்தது. அப்படியே வெகுநேரம் நின்றார். பிறகு கையைத் தாழ்த்திவிட்டு அடுத்தவனிடம் போனார், அதற்கடுத்தவனிடம் போனார், கடைசியாக நான் கூட்டிவந்த கஞ்சிக்காரன் முன்னால் நின்று அவன் தோளைத் தொட்டார். மாஜிஸ்திரேட் அவரை வெளியே அனுப்பி, ஆட்களை இடம் மாற்றி உட்காரவைத்து, மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை அவர் எங்கும் நிற்கவில்லை. நேராகப் போய் அதே ஆளைத் தொட்டார்.

போகும்போது, நான் தொட்டது சரிதானா என்று என்னிடம் கேட்டார். சாட்சியிடம் அதைச் சொல்லக் கூடாது. சொல்லக் கூடாது என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்து, தப்பாகத் தொட்டுவிட்டோம் என்று அவர் புரிந்துகொண்டிருப்பார். கைத்தடியை ஊன்றி ஊன்றிப் போனார். எனக்கு உள்ளுக்குள் பாவமாக இருந்தது. ஒரு கண்ணையும் கொடுத்துவிட்டு, கஞ்சி கொண்டுவந்தவனைப் போய்த் தொட்டிருக்கிறாரே என்று.

செல்லையன் பிழைத்தான், இனி கையெழுத்துதான் பாக்கி. விட்டுப்போன பெயரை எழுதப் பேனாவை எடுத்தேன். பெயர் கேட்டேன். தங்கையன் என்றான். தகப்பன் பெயர் கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் செல்லையனைப் பார்த்தான்.

“எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அப்பனாக்கும்” என்றான்.

மூன்று வாரமாகப் பேசாத செல்லையன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

“சாரே, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. கல்லு எறிஞ்சது நானாக்கும். எழுதிக்கிடுங்க.”

தம்பி அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. அண்ணன் அன்றைக்கு முழுக்கச் சூளையில் தீ பார்த்துக்கொண்டிருந்தான், போலீஸ் வீட்டுக்கு வந்தபோது ஒன்றும் சொல்லாமல் கூடப் போய்விட்டான் என்று சொல்ல ஆரம்பித்தான். மாஜிஸ்திரேட் கையைக் காட்டி இரண்டு பேரையும் நிறுத்தினார். கடற்கரைக்காரர்கள் எட்டுப் பேரும் நெற்றியில் காகிதத்தோடு வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே போலீஸ் நின்றது. ஒரு குரல் கொடுத்தால் போதும்.

கூட்டி வந்தவர்களிடம் என்ன சொல்லிக் கூட்டி வந்தாய் என்று மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று சொன்னதாகச் சொன்னேன். எங்கே வைத்துச் சொன்னாய் என்றார். கோயில் வாசலில் என்றேன். இவனிடமும் சொன்னாயா? இவனிடம் ஒன்றுமே சொல்லவில்லை, ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னேன், அவ்வளவுதான் என்றேன். அவர் தம்பியிடம் சொன்னார்:

“நாங்கள் கூப்பிட்டதால் வந்தவனாகத்தான் உன்னை நான் பார்க்கிறேன். அவர்களுக்குக் கொடுத்த வாக்கு உனக்கும்தான். வந்த வழியே போ. இங்கே நடந்ததை ஒன்று விடாமல் எழுதப்போகிறேன், நாளை மதியம் அது போலீஸ் கைக்குப் போகும். அதற்கு முன் உனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் பதினொரு மணிக்குக் கோர்ட்டுக்கு வா. வந்துதான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை.”

தங்கையன் துவர்த்தை மடித்து என் கையில் கொடுத்தான், காகிதத்தைப் பிய்த்தான், வெளியே போனான். போலீஸ்காரர் ஒருவர் அவனுக்கு வழி விட்டு நின்றார். அறிக்கையில் மாஜிஸ்திரேட் எல்லாவற்றையும் எழுதினார். கிளார்க்கின் அசிரத்தையால் குற்றம் சாட்டப்பட்டவரின் உடன்பிறந்தவரே கலப்பு ஆளாக உட்கார்ந்தார் என்ற வாக்கியத்தை என்னையே நகலெடுக்க வைத்தார். மெமோ வருவதற்கு முன்பே மெமோவை என் கையெழுத்தில் எழுதினேன்.

அவன் வரமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். தெற்கே இறங்கிவிட்டால் தோவாளைப் பக்கம், திருநெல்வேலிப் பக்கம் என்று எங்கே வேண்டுமானாலும் போய்விடலாம். ஓடிப்போகட்டும் என்று மனதுக்குள் ஒருமுறை வேண்டிக்கொண்டேன். அண்ணனை நினைத்ததும், வந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் மேசையில் உட்கார்ந்து ஒரு வேலையும் செய்யவில்லை.

பத்தரைக்கு அவன் சப்ஜெயில் வாசலில் தெரிந்தான். தூக்குப்பாத்திரம் கையில் இருந்தது. அண்ணனுக்குக் கஞ்சியைக் கொடுத்துவிட்டு, காலிப் பாத்திரத்தோடு என் மேசைக்கு வந்தான்.

“எனக்கு வந்து சொல்ல தைரியம் வரல்ல சாரே. தெனமும் கஞ்சி கொண்டு ஜெயில் கேட்டு வரை வருவேன், சொல்லாம திரும்பிப் போவேன். நேத்து நீங்களாட்டு கூப்பிட்டீங்க. அண்ணன் மொகத்தை மட்டும் பாத்தா அந்த ஆளுக்கு தெற்றிப் போவும்னு தோணிச்சு. அதுக்காக்கும் வந்து இருந்தேன்.”

வாக்குமூலத்துக்கு முன் எச்சரிக்கை சொல்வது, யோசிக்க நேரம் கொடுப்பது எல்லாம் முறைப்படி நடந்தது. அவன் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. ஒரு வருடம் தண்டனை கிடைத்தது. செல்லையனை விட்டார்கள். அன்றிலிருந்து கஞ்சிப் பாத்திரம் அவன் கைக்கு மாறியது.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கலப்பு ஆட்களின் பெயரை முதலிலேயே எழுதுங்கள். கால்களைப் பாருங்கள். ஜெயில் வாசலில் நிற்பவனை உள்ளே கூப்பிடாதீர்கள். இதையெல்லாம் உங்கள் புத்தகத்திலும் எழுதியிருக்கிறார்கள். நான் விதிப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை எனக்குச் சொன்னவர் கண்டக்டர்.

வழக்கு முடிந்து கொஞ்ச நாள் கழித்து, தன்னுடைய தோல் பையைத் திரும்ப வாங்க அவர் கோர்ட்டுக்கு வந்தார். கல்லோடு சேர்த்து அதையும் சாட்சிப் பொருளாக வைத்திருந்தோம். பையைக் கொடுக்க வேண்டுமென்றால், அவர்தான் அவர் என்று இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். தாலுகா முழுக்க முகம் தெரிந்த மனிதர், தன்னைத் தெரிந்த இரண்டு பேரைத் தேடி வராந்தாவில் முக்கால் மணி நேரம் நின்றார். கடைசியில் ஒருவர் கிடைத்தார். இன்னொரு கையெழுத்தை நான் போட்டேன்.

சாட்சிக்குச் சொல்லக் கூடாது என்ற விதிக்கு அப்போது வேலையில்லை. நீங்கள் தொட்டது சரியான ஆளைத்தான் என்று சொன்னேன். கேட்டதும் அவர் முகம் தெளியும், சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மூத்தவன் முன்னால் எதற்கு அவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று கேட்டேன்.

“அது அவன்தான்னு மனசுல உறைச்சாக்கும் நிண்ணேன்” என்றார். “கையும் மேல பொங்கிப் போச்சு. வரிசையை முழுசும் பாக்கணும்னு மாஜிஸ்திரேட் சொல்லியிருந்தாரு, அதனால கையைத் தாழ்த்திட்டு நடந்தேன். தம்பியைக் கண்ட பெறகுதான் மூத்தவன் இல்லைன்னு தெரிஞ்சுது. அவன் அங்க இல்லாம இருந்தா நான் மூத்தவனைத் தொட்டிருப்பேன் சாரே. சத்தியம் பண்ணித் தொட்டிருப்பேன். சாகும் வரை அது சரின்னு நெனச்சும் இருப்பேன்.”

அந்த மனிதர் ஒரு பொய்யும் சொல்லாமல், நான் ஒரு தவறும் செய்யாமல், செல்லையன் தானாகவே முகத்தைக் காட்டிக்கொண்டு, எல்லாம் முறைப்படி முடிந்திருக்கும். என் அறிக்கையில் ஒரு அடித்தல் திருத்தல் கூட இருந்திருக்காது.

அதற்குப் பிறகு எல்லை பிரிந்தது, தமிழ்நாட்டுப் பக்கம்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து நான் இங்கே வந்துவிட்டேன். எத்தனையோ பரேடுகள் நடத்தினேன், எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஒவ்வொரு முறையும் சாட்சி ஒரு தோளைத் தொடும்போது, இந்த வரிசைக்கு வராமல் வீட்டில் இருப்பவன் யாரோ என்று எனக்குத் தோன்றும். வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் கையெழுத்துப் போடுவேன்.